தொலைதூரப் போட்டிக்குத் தோட்டா வாங்கும் முன்

விலை குறைவு என்று பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டு அப்புறம் வருத்தப்படுவதை விட, இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி மட்டும் வாங்கி உங்கள் ரைபிளிலேயே சுட்டுப் பாருங்கள், ஏனென்றால் ஒரு பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) பிடித்த தோட்டா இன்னொரு பேரலுக்குப் பிடிக்காது. மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்ததும் மயங்கிவிடாதீர்கள், குறைந்தது பத்து குண்டு சுட்டால்தான் உண்மை தெரியும்.

100 மீட்டரில் எல்லாத் தோட்டாவும் நல்ல பிள்ளைதான். 800, 900 மீட்டர் போகும்போதுதான் குண்டுக்குக் குண்டு வேகம் மாறுவது மேலும் கீழுமாகச் சிதறலாகத் தெரியும். அதனால் குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கியாவது அளந்துவிடுங்கள். சராசரி வேகம் எவ்வளவு என்பதை விட அது எவ்வளவு சீராக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகைக்கான ரைபிள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 168 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) மேட்ச் குண்டு, அதாவது போட்டிக்கான குண்டு, 600 கெஜம் வரை அருமை, ஆனால் 1000 கெஜம் என்றால் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் தள்ளாட ஆரம்பிக்கும், அங்கே 175 கிரெய்ன்தான் சரி. மலிவான தோட்டாக்களில் சில, குண்டில் எஃகு இருப்பதால், காந்தத்தில் ஒட்டும், பல சுடுதளங்களில் அதை அனுமதிப்பதில்லை, முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பிடித்த வகை கிடைத்தால், பெட்டியில் உள்ள லாட் எண்ணை (ஒரே தொகுதியாகத் தயாரித்ததைக் காட்டும் எண்) பார்த்து அதே லாட்டில் மொத்தமாக வாங்குங்கள். லாட் மாறினால் திரும்ப அளக்க வேண்டும். காற்று குண்டை எப்படித் தள்ளும் என்று கணிக்கப் பழக 22 ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டா போதும், செலவும் கொஞ்சம்தான்.