பொருள் தெரியும், வாக்கியம் வராது: என் அனுபவம்

மூன்றாம் வகுப்பு மகளிடம் சொல்லுக்குப் பொருள் கேட்டால் பளிச்சென்று வரும். வாக்கியம் கேட்டால் ‘தண்ணீர் ததும்புதல்’, ‘அண்ணன் திகைத்தல்’ என்று நிற்பாள். அட்டையில் எழுதி ஒட்டினேன். திரும்பத் திரும்ப எழுத வைத்தேன் (கைவலிதான் மிச்சம்). எடுத்துக்காட்டு வாக்கியம் கொடுத்தால் அதையே ஒப்பித்தாள்.

அப்புறம்தான் கவனித்தேன்: பெயர்ச்சொற்களில் சிக்கலே இல்லை. வினைச்சொற்கள் மட்டும் சொற்பொருள் பட்டியலில் ‘தல்’ என்று முடிகின்றன. அவள் அப்படியே தூக்கி வைக்கிறாள். பட்டியலை மூடிவிட்டு, காரணம் தெரியும்படி, காலம் மாற்றி இரண்டு வாக்கியம் சொன்னேன்: ‘வைகைத் தண்ணீர் வந்ததும் வண்டியூர்த் தெப்பக்குளம் ததும்பியது.’ ‘குடத்தை விளிம்புவரை நிறைக்காதே, ததும்பும்.’ மூன்றாவது வாக்கியம் அவளுடையது.

இப்போது நிம்மதி. ‘மாட்டுத்தாவணியில் பஸ்ஸைத் தவறவிட்டு அப்பா திகைத்தார்’ என்றாள். சரி, நடந்ததுதான்.