ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொள்ளும் டீம் மேனேஜரை என்ன செய்வது?

நீங்கள் ஒரு தொழில்முறை சைக்கிள் டீமின் முதலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். சீசன் நடுவில் உங்கள் மேனேஜர் வந்து, "நான் ஓட்டிய காலத்தில் இபிஓ போட்டிருக்கிறேன், இனிமேலும் மறைக்க முடியாது" என்கிறார். நாளைக் காலையில் பத்திரிகைக்காரர்கள் வாசலில் நிற்பார்கள், ஸ்பான்சர் போன் மேல் போன் போடுவார். இந்த மாதிரி நேரத்தில் டீம்கள் இதுவரை பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் செய்திருக்கின்றன. ஒன்று, ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவது. இல்லையென்றால், உண்மையைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பாராட்டிவிட்டு மறுநாளே பழைய வேலையைப் பார்க்கச் சொல்வது. இரண்டுமே தப்பு என்று நினைக்கிறேன். வேறு எப்படிச் செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் காலத்தை மனதில் வையுங்கள். இபிஓ என்பது சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக வந்த மருந்து. ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும், அதனால் தசைகளுக்குப் போகும் ஆக்சிஜன் கூடும். 90களில் இது சைக்கிள் ஓட்டத்துக்குள் புகுந்தபோது அதைக் கண்டுபிடிக்கச் சோதனையே இல்லை. 1997-இல் ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பு போட்டார்கள், அவ்வளவுதான். சோதனை வந்தது 2000-க்கு அப்புறம். அந்தப் பத்து வருடங்களில் ஓட்டிய தலைமுறைதான் பின்னால் கார் ஜன்னல் வழியாக இளைஞர்களுக்கு உத்தரவு போடும் இடத்துக்கு வந்தது. எல்லாரையும் ஒரே நாளில் வெளியேற்றுவேன் என்பது நடக்கிற காரியம் இல்லை, வெளியே போகப்போவதும் உண்மை பேசியவர்கள் மட்டும்தான்.

அதற்கு உதாரணம் பிரிட்டிஷ் டீமான டீம் ஸ்கை. 2012 அக்டோபரில், பிரான்ஸின் மிகப்பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை ஏழு முறை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்துப் பழக்கம் பற்றி அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வெளியானதும், கடந்த காலத்தில் ஊக்கமருந்தோடு எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒவ்வொரு பணியாளரும் கையெழுத்துப் போட வேண்டும், முடியாதவர் வெளியேற வேண்டும் என்றார்கள். பயிற்சியாளர் பாபி ஜூலிச் உண்மையைச் சொன்னார், வேலை போனது. ஸ்போர்ட் டைரக்டர், அதாவது பந்தயத்தில் டீம் காரிலிருந்து வீரர்களை வழிநடத்துபவரான ஸ்டீவன் டி யோங் சொன்னார், அவருக்கும் அதே கதி. ஆனால் அதே டீமில் 2011-லும் 2012-லும் வேலை பார்த்த டாக்டர் ஹேர்ட் லெய்ண்டர்ஸுக்கு, தன் பழைய டீமில் வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்ததற்காக 2015-இல் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் டீம் சுத்தமாகிவிடும் என்று நம்பினால் இப்படித்தான் ஆகும். உண்மை சொன்னால் வேலை போகும் என்று தெரிந்த பிறகு அடுத்தவர் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்?

சரி, வந்தவரை உட்காரவைத்து எங்கே ஆரம்பிப்பது? அவர் தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டவரா, அல்லது மற்றவர்களுக்கும் ஏற்பாடு செய்தவரா என்பதிலிருந்துதான். ஜோஹான் ப்ரூய்னீல், ஆம்ஸ்ட்ராங் ஓட்டிய யுஎஸ் போஸ்டல் டீமை நடத்தியபோது அங்கே ஊக்கமருந்து என்பது டீமின் நிர்வாக வேலையாகவே இருந்தது. அவருக்கு 2014-இல் பத்து வருடத் தடை, 2018-இல் அது வாழ்நாள் தடையானது. அது சரியான முடிவு. இளம் வீரனின் உடம்பைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு அதில் விளையாடியவருக்கு மறுபடி அந்த நாற்காலி கிடையாது, எவ்வளவு அழுதாலும் சரி. அதே டீமில் சாதாரண வீரராக ஓட்டிய மாட் வைட் விஷயம் வேறு. 2012-இல் ஆஸ்திரேலிய டீமொன்றின் ஸ்போர்ட் டைரக்டராக இருந்தபோது ஒப்புக்கொண்டார், பதவியை விட்டார், ஆறு மாதத் தடையை அனுபவித்தார், 2013-இல் திரும்பி வந்தார். இந்த இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

அடுத்தது, பத்திரிகையாளர் சந்திப்பை வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2007 மே மாதம் ஜெர்மன் வீரர் எரிக் சாபெல் ஜெர்மனியில் கேமரா முன்னால் கண்ணீரோடு சொன்னார்: 1996-இல் ஒரே ஒரு வாரம் இபிஓ எடுத்துப் பார்த்தேன், பக்க விளைவு வந்தது, விட்டுவிட்டேன் என்று. ஜனங்கள் உருகினார்கள். ஆறு வருடம் கழித்து, 1998 டூர் டி பிரான்ஸில் எடுத்துவைத்த வீரர்களின் பழைய சிறுநீர் மாதிரிகள் பற்றிய பிரெஞ்சு செனட் அறிக்கை வந்த பிறகுதான், அது ஒரு வாரம் இல்லை, பல வருடங்கள் என்று ஒத்துக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த கதை. சாபெலின் அறிவிப்புக்கு மறுநாள் டென்மார்க்கின் ப்யார்ன ரீஸ் பேசினார், 1996 டூரை வென்றவர், அப்போது சிஎஸ்சி டீமின் தலைவர். டூரை வென்றவருக்குத் தரும் மஞ்சள் ஜெர்சி வீட்டில் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தான் ஓட்டிய காலத்தைப் பற்றிச் சொன்னார், சரி. ஆனால் மேனேஜரான பிறகு? 2015-இல் டென்மார்க்கின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, தன் டீமிலேயே வீரர்கள் ஊக்கமருந்து எடுப்பது ரீஸுக்குத் தெரிந்திருந்தும் அவர் தடுக்கவில்லை என்றது. அதற்குள் நடவடிக்கை எடுப்பதற்கான காலவரம்பு முடிந்துவிட்டது, யாரும் எதுவும் செய்ய முடியவில்லை.

அதனால் நீங்கள் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி "நீ எடுத்தாயா" என்பது இல்லை. மேனேஜரான நாளிலிருந்து இன்று வரை உன் வீரர்களில் யாராவது எடுத்தது தெரியுமா, தெரிந்து என்ன செய்தாய்? அப்புறம் மற்றவை: மருந்து யாரிடமிருந்து வந்தது, எந்த டாக்டர், யார் பணம் கொடுத்தது, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. இதை உங்கள் அலுவலகத்தில் கேட்காதீர்கள், உங்களுக்கும் இதில் ஆதாயம் இருக்கிறது. 2021 முதல் சைக்கிள் ஓட்டத்தின் ஊக்கமருந்துச் சோதனைகளைச் சர்வதேசச் சோதனை முகமைதான் நடத்துகிறது. அங்கே, வக்கீலோடு, எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அது முடியும் வரை அவர் சம்பளத்தோடு விடுப்பில் இருக்கட்டும். அவரை நிறுத்திவைப்பது தண்டனைக்காக இல்லை, டீம் காரில் உட்கார்ந்துகொண்டே தன்னைப் பற்றி விசாரிக்கவிடக் கூடாது என்பதற்காக.

இப்போது தண்டனை. இங்கேதான் விளையாட்டு மொத்தமாகக் கோட்டைவிட்டது. 2007-இல் யோர்க் யாக்ஷ என்ற ஜெர்மன் வீரர் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார், டீம்களை நடத்தியவர்களுக்கு என்னென்ன தெரியும் என்பது உட்பட. ஒரு வருடத் தடை கிடைத்தது, அது முடிந்த பிறகும் எந்த டீமும் அவரைச் சேர்க்கவில்லை. அதே கோடையில் ஒப்புக்கொண்ட ரீஸ் தன் டீமின் தலைவராகவே தொடர்ந்தார், அடுத்த வருடம் அந்த டீம் டூரையும் வென்றது. பேசிய தொழிலாளி தெருவில், பேசிய முதலாளி நாற்காலியில். இதைப் பார்த்த இளைஞன் என்ன கற்றுக்கொள்வான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இன்னொரு கோணலும் இருக்கிறது. 2 வருடம் அல்லது அதற்கு மேல் தடை வாங்கியவர் பிறகு டீம் பணியாளராக வருவதைத் தடுக்கும் விதியை உலக சைக்கிள் ஓட்ட அமைப்பான யுசிஐ 2011-இல் கொண்டுவந்தது. பிடிபட்டவருக்கு அது பொருந்தும். பிடிபடாமலே ஓய்வு பெற்று, காலவரம்பு முடிந்த பிறகு நிதானமாகச் சொல்பவரை அது தொடுவதில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதித்தொகுப்பில் அந்த வரம்பு முன்பு எட்டு வருடம், 2015 முதல் பத்து வருடம். ஆக, காத்திருந்து சொல்வதே லாபம் என்று விதியே கற்றுக்கொடுக்கிறது. என் யோசனை இதுதான்: தடை விதிக்கக் காலவரம்பு இருக்கட்டும், டீமில் வேலை பார்ப்பதற்கான லைசென்ஸுக்கு வேண்டாம். மேனேஜர், ஸ்போர்ட் டைரக்டர், டாக்டர் யாராக இருந்தாலும் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது சோதனை முகமையிடம் ரகசிய வாக்குமூலம் கொடுக்க வேண்டும். கேட்டபோது முழுதாகச் சொன்ன பழைய வீரருக்கு ஆறு மாதம் வேலை நிறுத்திவைப்பு, முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிந்த ஆறு மாதம். மறைத்தது பின்னால் தெரிந்தால் லைசென்ஸ் திரும்பவே கிடையாது. ஊக்கமருந்துக் காலத்தை விசாரிக்க 2014-இல் யுசிஐ அமைத்த சுயாதீன ஆணையம் 174 பேரைச் சந்தித்தும், தானாக வந்து பேசிய வீரர்கள் குறைவு. அடுத்த நாள் தனக்கு என்ன ஆகும் என்று உறுதியாகத் தெரியாதபோது யாரும் வரமாட்டார்கள்.

திரும்பி வந்த பிறகு என்ன நிபந்தனை? இங்கே ஜோனதன் வாட்டர்ஸைப் பாருங்கள். யுஎஸ் போஸ்டலில் ஊக்கமருந்து எடுத்து ஓட்டியவர். பிறகு பிரெஞ்சு டீமான கிரெடி அக்ரிகோலுக்குப் போனார். 2001 டூரில் குளவி கொட்டி முகம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. கார்டிசோன் ஊசி போட்டால் சரியாகியிருக்கும், ஆனால் விதி அனுமதிக்கவில்லை, போட்டியிலிருந்தே விலகினார். பின்னால் அவர் சொந்த டீம் தொடங்கியபோது வீரர்களுக்கு ஊசியே கிடையாது என்று வைத்தார், வெளி ஆட்களை வைத்து ரத்தப் பரிசோதனை செய்தார், அதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லும் வீரருக்கு வேலை போகாது என்று வாக்குக் கொடுத்தார். 2012-இல் தன் கதையையும் வெளிப்படையாக எழுதினார். அவர் டீமின் மூன்று வீரர்கள் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் சாட்சி சொல்லி ஆறு மாதத் தடை வாங்கினார்கள், வேலை போகவில்லை. அந்த மூவரில் ஒருவரான டாம் டேனியல்சன் 2015-இல் மறுபடி சோதனையில் சிக்கி நான்கு வருடத் தடை வாங்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மன்னித்தால் சில சமயம் ஏமாறுவோம். அதனால்தான் மேனேஜரிடமிருந்து டாக்டரைப் பிரித்துவைக்கச் சொல்கிறேன்: டாக்டரை நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையில் இருக்கக் கூடாது, மருந்துப் பதிவேடு நேராக முகமைக்குப் போக வேண்டும், வெற்றிக்கான போனஸும் முதல் சில வருடங்களுக்கு அவருக்கு வேண்டாம்.

ஒருவரைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியவில்லை. பிரெஞ்சு வீரர் கிறிஸ்டோஃப் பஸோன். ஊசி போட மறுத்தார், 1999 டூரில் அதைப் பற்றி எழுதினார், ஆம்ஸ்ட்ராங்கே பக்கத்தில் வந்து மிரட்டினார், சக வீரர்கள் ஒதுக்கினார்கள், பாதியில் கிளம்பினார். இரண்டு வருடத்தில் ஓய்வும் பெற்றார். உயர்மட்டத்தில் டீம்கள் பதினெட்டு, மேனேஜர் நாற்காலிகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். எடுத்தவர்கள் ஜெயித்தார்கள், பெயர் வந்தது, அந்தப் பெயரில் வேலையும் வந்தது. எடுக்காதவர்களுக்கு வரிசையில் இடமே இல்லாமல் போனது. எனவே மேனேஜர் ஆறு மாதம் வெளியே இருக்கும்போது அந்த இடத்தில் யாரை உட்காரவைக்கிறீர்கள் என்று பாருங்கள். மறுத்ததால் தோற்றவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், தற்காலிகமாக வேண்டாம், நிரந்தரமாக டீமுக்குள் கொண்டுவாருங்கள்.

அப்புறம், மேனேஜர் திரும்பி வந்த முதல் சீசனில், டீமிலேயே வயது குறைந்த இரண்டு வீரர்களை மாதம் ஒருமுறை அவர் இல்லாத இடத்தில் சந்தித்துப் பேசுங்கள். யாராவது உங்களிடம் ஏதாவது கொடுத்தார்களா, உடம்பு முடியாதபோது ஓட்டச் சொன்னார்களா என்று கேளுங்கள். அவர்கள் தயங்கினால், அன்றே முகமைக்குப் போன் செய்யுங்கள்.