கூண்டுக்குப் பழகிய நாய்க்குட்டி ராத்திரி முழுக்கத் தூங்க

பகலில் தானாகவே கூண்டுக்குள் போய்ச் சுருண்டு படுக்கிற நாய்க்குட்டி, ராத்திரி 2 மணிக்கு எழுந்து கத்தினால் பழக்கியதெல்லாம் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று அதற்கு உச்சா முட்டுகிறது, இல்லையென்றால் பக்கத்தில் யாரும் இல்லையே என்ற பயம். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். குட்டி அழுவதற்கு முன்பே நீங்கள் முந்திக்கொள்வதுதான் இதற்கான வழி. அழுத பிறகு ஓடினால், அழுதால் ஆள் வரும் என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

முதலில் வயதைப் பாருங்கள். 8 வாரக் குட்டியால் இரவில் 3 முதல் 4 மணி நேரம் அடக்க முடியும். 12 வாரத்தில் அது 5, 6 மணி நேரமாகும். 4 மாதம் முடிந்ததும் பெரும்பாலான குட்டிகள் 7 மணி நேரம் வரை தாங்கும். சின்ன இனக் குட்டிகளுக்கு இன்னும் சில வாரம் கூடுதலாக ஆகலாம். பகலில் மணிக்கொரு தடவை போகிற குட்டி இரவில் இவ்வளவு நேரம் தாங்குவதற்குக் காரணம், தூக்கத்தில் சிறுநீர் சுரப்பது குறைவதுதான். கண் விழித்து எழுந்து நடமாடத் தொடங்கிய குட்டிக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதனால் விழித்துவிட்ட குட்டியை ‘இன்னும் அரை மணி நேரம் பொறு’ என்று விட்டுவைக்கக் கூடாது.

கூண்டின் அளவில் பலர் தவறுகிறார்கள். குட்டி நிமிர்ந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரியதாக வாங்கியிருந்தால் உள்ளே தடுப்புப் பலகை வைத்து இடத்தைக் குறையுங்கள். குட்டி வளர வளரத் தள்ளி வைக்கலாம். இடம் மிஞ்சினால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் சிறுநீர் கழித்துவிடும். உள்ளே சிறுநீர் உறிஞ்சும் விரிப்பு போடவே வேண்டாம். கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்கலாம் என்று நாமே சொல்லிக்கொடுப்பது போலாகிவிடும். துணியைக் கடித்துக் கிழித்து விழுங்கும் குட்டியென்றால் சில நாள் துணி இல்லாமலே படுக்கட்டும். கழுத்துப்பட்டையையும் மார்புப்பட்டையையும் கட்டாயம் கழற்றிவிடுங்கள். கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகும் ஆபத்து உண்டு.

கூண்டை எங்கே வைப்பது? முதல் சில வாரங்களுக்கு உங்கள் படுக்கையை ஒட்டி, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வையுங்கள். அதுவரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் ஒட்டிப் படுத்த குட்டியைத் தனி அறையில் இருட்டில் விட்டால் அது அலறத்தான் செய்யும். மூச்சுச் சத்தமும் வாசனையும் எட்டினாலே பாதிப் பயம் போய்விடும். அது புரள்வதும் முனகுவதும் உங்கள் காதிலும் விழும். மூன்று பக்கம் மெல்லிய துணி போட்டு மூடி, ஒரு பக்கம் காற்றோட்டத்துக்குத் திறந்திருக்கட்டும். வெக்கையாக இருந்தால் துணியை எடுத்துவிடுங்கள்.

இரவுத் தூக்கம் மாலையிலேயே தொடங்குகிறது. கடைசிச் சாப்பாடு படுப்பதற்கு 3, 4 மணி நேரம் முன்பு இருந்தால் மலம் கழிக்க அவகாசம் கிடைக்கும். மிகச் சின்ன இனக் குட்டிகளுக்கு மட்டும் இதில் விலக்கு: நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடலாம். அவற்றுக்குப் படுக்கும் முன் கொஞ்சம் தின்னக் கொடுப்பது பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைப் படுப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு எடுத்துவிடலாம். பகல் முழுக்கத் தாராளமாகக் குடித்திருக்க வேண்டும். வெக்கையான இரவிலும் வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் தண்ணீரை எடுக்கவே கூடாது.

நிறைய ஓடவிட்டுக் களைக்க வைத்தால் நன்றாகத் தூங்கும் என்ற நம்பிக்கை குட்டிகளிடம் பலிக்காது. ஒரு நாளில் பெரும்பகுதி நேரம் தூங்க வேண்டிய வயது அது. தூக்கம் கெட்ட குட்டி கையைக் கடிக்கும், வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும், அடங்கவே அடங்காது. பகலிலேயே ஒரு மணி நேர விழிப்புக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரத் தூக்கம் என்று கூண்டில் படுக்க வையுங்கள். படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இழுபறி விளையாட்டு வேண்டாம். மெல்லுகிற பொம்மையோ மோப்பம் பிடித்துத் தேடுகிற விளையாட்டோ போதும். விளக்கை அணைக்கும் முன், தூங்கிக்கொண்டிருந்தாலும் எழுப்பி, வெளியே ஒரு தடவை கூட்டிப்போங்கள்.

இப்போது அலாரம். குட்டி வழக்கமாக எழுகிற நேரத்துக்கு அரை மணி முன்பு அலாரம் வைத்து நீங்களே எழுப்புங்கள். 2 மணிக்கு அழுகிறதா, ஒன்றரைக்கு எழுந்துவிடுங்கள். மங்கலான வெளிச்சம் போதும். கயிற்றில் பிடித்து, அல்லது சின்னக் குட்டியைத் தூக்கிக்கொண்டு, எப்போதும் போகிற இடத்துக்கே போங்கள். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். 5 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். போய் முடித்ததும் மெல்லிய குரலில் ஒரு பாராட்டு, நேராகக் கூண்டுக்குள். இரண்டு மூன்று இரவு அழாமல் கழிந்தால் அலாரத்தை 15 நிமிடம் தள்ளி வையுங்கள். மறுபடி இரண்டு மூன்று இரவு, மறுபடி 15 நிமிடம். இடையில் ஈரம் பட்டாலோ அழுதாலோ, வேகமாகத் தள்ளிவிட்டீர்கள். முந்தைய நேரத்துக்கே திரும்புங்கள்.

அழுகையிலும் வகை உண்டு, பிரித்துக் கேட்கப் பழகுங்கள். படுத்த சில நிமிடத்தில் வருகிற முனகல் பெரும்பாலும் சிணுங்கல்தான். இப்போதுதான் வெளியே போய் வந்தது என்றால் கம்பி வழியாக விரலை நீட்டிக் காத்திருங்கள், அடங்கும். சில மணி நேரம் தூங்கி எழுந்து திடீரென்று கத்தினால் சந்தேகமே வேண்டாம், உடனே வெளியே கூட்டிப்போங்கள். மூச்சிரைத்து, எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து, பாதம் புண்ணாகப் பிறாண்டினால் அது பீதி. அதைக் கத்தவிட்டால் பழகிக்கொள்ளும் என்பது தப்பு. கூண்டையே வெறுக்கத் தொடங்கிவிடும். கதவைத் திறந்துவிட்டு, பகலில் சில விநாடிகள் மூடித் திறப்பதிலிருந்து மறுபடி பழக்க வேண்டும்.

கூண்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டால் திட்டாதீர்கள். நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தால் கூண்டின் அடித்தட்டையும் துணியையும் கழுவுங்கள். அம்மோனியா கலந்தது ஆகாது. அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் குட்டி அங்கேயே திரும்பப் போகும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது, முக்குவது, ரத்தம் கலந்து வருவது, அதுவரை சுத்தமாக இருந்த குட்டி திடீரென்று நனைப்பது, இவையெல்லாம் சிறுநீர்த் தொற்றாக இருக்கக்கூடும். குடற்புழுவோ வயிற்றுப்போக்கோ இருந்தாலும் எந்த அலாரமும் உதவாது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடியற்காலை 5 மணிக்கே எழுப்புகிற குட்டிக்கு, எழுந்தவுடன் சாப்பாடு வைக்கும் வழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எழுந்ததற்கும் கிண்ணத்துக்கும் நடுவே 20, 30 நிமிடம் இடைவெளி விட்டால் அந்த அவசரம் குறையும். ஜன்னல் வெளிச்சம் கூண்டில் விழாமல் திரை போடுங்கள்.

தொடர்ந்து இரண்டு வாரம் எழாமல் தூங்கிய பிறகு கூண்டை உங்கள் படுக்கைப் பக்கமிருந்து, நீங்கள் வைக்க நினைக்கிற இடத்தை நோக்கி நகர்த்தலாம்: மூன்று நான்கு இரவுக்கு ஒரு தடவை, ஒரு மீட்டர். 4 முதல் 6 மாதத்துக்குள் பல் விழுந்து முளைக்கும்போது சில இரவுகள் மறுபடி விழிக்கும். அப்போது கூண்டை நகர்த்துவதை நிறுத்திவைத்து, மாலையில் மெல்லுவதற்குக் குளிர்ந்த ரப்பர் பொம்மை ஒன்று கொடுங்கள்.