“இப்ப எங்க நிக்கிறியள்?” – ஊருக்குப் போகுமுன் போனில் பார்க்க வேண்டியவை

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி யாழ்ப்பாணத்துக்கு வான் ஏறியதும் போன் அடிக்கத் தொடங்கும். ரொறன்ரோவிலிருந்து அம்மா, கோண்டாவிலிலிருந்து சித்தி, வவுனியாவில் சாப்பாடு கட்டி வைத்துக்கொண்டு பார்த்திருக்கும் மாமி. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: “இப்ப எங்க நிக்கிறியள்?” றைவரைக் கேட்டு, அவர் சொல்லும் ஊர்ப்பெயரைப் பாதி விளங்கிப் பாதி விழுங்கிச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும். போன முறை வட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனை, அதாவது நாம் நகர நகர இடத்தை மற்றவருக்குக் காட்டும் வசதியைப் போட்டுவிட்டு நான் நித்திரையாகிவிட்டேன். எழும்பிப் பார்த்தால் குடும்பக் குழுவில் அம்மா எழுதியிருந்தார்: “முறிகண்டியில நிக்கினம். கச்சான் வாங்குகினம் போல.” பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வான் அங்கேதான் நின்றது.

வட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷனுக்கு மூன்று அளவுதான் உண்டு: 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம். விமானம் தரையில் முட்டியதுமே 8 மணித்தியாலத்தைப் போட்டுவிடாதீர்கள். குடிவரவு வரிசை, பெட்டி, சிம், தேத்தண்ணி என்று இரண்டு மணித்தியாலம் விமான நிலையத்திலேயே கரைந்துவிடும். புத்தளம், அநுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போய்ச் சேர ஏழு எட்டு மணித்தியாலம் பிடிக்கும். பளை தாண்டும்போது மேப்பில் உங்களைக் காட்டும் புள்ளி மறைந்தால் வீட்டில் பதறுவார்கள். வான் வெளிக்கிட்ட பிறகு போடுங்கள்; வவுனியாவில் சாப்பிட இறங்கும்போது புதுப்பியுங்கள்.

இன்னொன்றும் அம்மாமாருக்கு முதலே சொல்லி வைக்க வேண்டும். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம், ஆனால் அந்த இடத்தை மற்றவருக்கு அனுப்ப டேட்டா வேண்டும். காட்டுப்பகுதியில் சிக்னல் விட்டுப்போனால் புள்ளி அசையாமல் நிற்கும். வான் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடைசியாக எப்போது புதுப்பித்தது என்று கீழே காட்டும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு போகிறவர்கள், “கடலில இருக்கேக்க புள்ளியைப் பார்க்காதேங்கோ” என்று சொல்லிவிட்டே ஏறுங்கள்.

சரி, போனில் என்ன செய்ய வேண்டும்? இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டியையும் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு செய்ய முடியாது. போனின் அமைப்புகளில் வட்ஸ்அப்புக்கு ‘எப்போதும்’ இடம் பார்க்கும் அனுமதி கொடுங்கள். ‘பாவிக்கும்போது மட்டும்’ என்று இருந்தால் திரை அணைந்ததும் புள்ளி நின்றுவிடலாம். பற்றரி சேமிப்பு முறையும் இதையேதான் செய்யும். வானில் சார்ஜ் ஏற்ற ஒரு வயரும், கைப்பையில் ஒரு பவர் பாங்கும் இருக்கட்டும். கூகுள் மேப்பில் வடமாகாணப் பகுதியை வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். டேட்டா இல்லாவிட்டாலும் வாகனப் பாதை காட்டும்.

சிம் விமான நிலைய வருகை மண்டபத்திலேயே கிடைக்கும். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். உள்ளூர் சிம்மைப் போட்டதும், எண்ணை மாற்றவா என்று வட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய எண்ணிலேயே அது ஓடும். மாற்றிவிட்டுப் பிறகு கனடா எண்ணை மீட்க அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது வீடு கண்டுபிடிக்கிற படலம். ஊர் முகவரி எப்படி இருக்கும் என்று தெரியும்தானே: வைரவர் கோயிலடி, பள்ளிக்கூடத்தடி, மடத்தடி. பிள்ளையார் கோயிலடி என்று தேடினால் நாலு ஊர்ப் பிள்ளையாரும் வருவார். அதனால் மச்சானிடம், “லொக்கேஷன் அனுப்படா” என்றேன். உடனே அனுப்பினான். அந்த லொக்கேஷனைப் பிடித்துக்கொண்டு போனால் வான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால் போய் நிற்கிறது. வீடு கோண்டாவிலில். அவன் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்ற இடத்திலிருந்து ‘தற்போதைய இடத்தை’ அனுப்பியிருக்கிறான்! பிழை அவனுடையது இல்லை. “வீட்டுப் படலையடியில நிண்டு அனுப்பு” என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

படலையடியில் நின்றாலும் அவசரப்படக் கூடாது. அனுப்பும் பட்டனுக்குக் கீழே, எத்தனை மீற்றர் வரை துல்லியம் என்று ஒரு எண் இருக்கும். வீட்டுக்குள்ளே இருந்தால் 50, 60 என்று காட்டும். வெளியில் வந்து கொஞ்சம் பொறுத்தால் 10க்குக் கீழே இறங்கும். அப்போது அனுப்பச் சொல்லுங்கள். நெருக்கமான ஒழுங்கையில் 60 மீற்றர் என்றால் நாலு வீடு தள்ளி, வேறு யாருடையவோ நாய் உங்களை வரவேற்கும். அவர்கள் அனுப்பிய லொக்கேஷனைக் கூகுள் மேப்பில் திறந்து ‘சித்தி வீடு’ என்று சேமித்துவிட்டால் அடுத்த முறையும் உதவும்.

லொக்கேஷன் சரியாக இருந்தாலும் பாதை சரியாக இருக்கும் என்றில்லை. மேப்புக்குக் குச்சொழுங்கையும் றோட்டுத்தான். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் வேலி, நடுவில் வான் மாட்டினால் பின்பக்கமாக எடுப்பது பெரும்பாடு. சந்தியில் நிறுத்தி ஒரு போன் அடியுங்கள். “மதகு தாண்டி இரண்டாவது படலை” என்று சித்தி சொல்வதை எந்த மேப்பும் இன்னும் சொல்லாது.

நல்லூர்த் திருவிழாவுக்குப் போகிறவர்கள் லைவ் லொக்கேஷனை நம்பிப் பிரியாதீர்கள். 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். தேரன்று சனம் நிரம்பினால் நெட்வேர்க் திணறும். புள்ளி பக்கத்தில்தான் என்று காட்டும். அந்தப் பக்கத்தில் ஆயிரம் பேர் நிற்பார்கள். எந்தக் கடைக்கு முன்னால், எத்தனை மணிக்கு என்று வாயால் பேசி வைப்பதுதான் நல்லது.

இரவில் ஓட்டோவில் தனியாகப் போனால் ஊரில் இருக்கும் ஒருவருக்கு 1 மணித்தியாலத்துக்குப் போட்டுவிடுங்கள். லண்டனில் இருப்பவர் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. ஊபர், பிக்மீ போன்ற செயலிகளில் பயணத்தைப் பகிர அவற்றிலேயே வசதி உண்டு. அவசர அம்புலன்ஸுக்கு எண் 1990, இலவசம். பதற்றத்தில் இடத்தின் பெயர் வாயில் வராது, ஆகவே கிட்ட உள்ள சந்தியையோ கோயிலையோ முதலே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். 80 பேர் இருக்கும் ஊர்ச்சங்கக் குழுவில் லைவ் லொக்கேஷன் போட்டால், கனடா வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதையும் 80 பேருக்கும் சொன்னதாகிவிடும். கலியாணத்துக்கு நகையோடு போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

வட்ஸ்அப் பகிர்வு தானாக நின்றுவிடும். கூகுள் மேப்பில் ‘நிறுத்தும் வரை’ என்று ஒரு தெரிவு உண்டு. திரும்பி வரும்போது அதை நிறுத்த நான் மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து மச்சான் போன் எடுத்தான். எங்களுக்கு இரவு பதினொரு மணி, அவனுக்குக் காலை எட்டரை. “அண்ணை, இந்த நேரத்தில டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில என்ன செய்யிறியள்? அண்ணிக்குத் தெரியுமோ?”