க்வினெத் அரச வம்சத்தின் கொடிவழியை வரைவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் பேத்திக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். வேல்ஸ் நாட்டின் வடக்கை ஆண்ட க்வினெத் வம்சம் அவளுக்குப் பிடிபட்டது, கொடிவழியாக வரைந்த பிறகுதான். ஒரு சார்ட் தாளும் கறுப்பு, சிவப்புப் பேனாக்களும் போதும்.

முதலில் பெயரைப் படிக்கப் பழகுங்கள். 'அப்' என்றால் மகன். லுவெலின் அப் யோர்வெர்த் என்றால் யோர்வெர்த்தின் மகன் லுவெலின். நேட்டாலுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரின் பதிவேட்டிலும் தகப்பன் பெயர் இருக்கும்; அதைத் தேடிப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்த வம்சத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், அதனால் தகப்பன் பெயரை விடாமல் எழுதுங்கள்.

தாளின் உச்சியில் க்ரிஃபித் அப் கனன், இறப்பு 1137. கீழே மகன் ஓவைன் க்வினெத். 1165இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியின் படை பெர்வின் மலையில் மழையில் சிக்கித் திரும்பியது இவர் காலத்தில்தான். 1170இல் இவர் இறந்ததும் பிள்ளைகள் மோதிக்கொண்டார்கள். கவிஞரான மகன் ஹவெல் அதே ஆண்டு மாற்றாந்தாய் மக்களின் கையில் மாண்டார்.

சரி, இங்கே சிவப்புப் பேனாவை எடுங்கள். தகப்பன் ஏற்றுக்கொண்ட மகன் எல்லோருக்கும், திருமணத்துக்கு வெளியே பிறந்தவனுக்கும்கூட, பங்கு உண்டு என்பது வேல்ஸ் வழக்கம். பங்காளிச் சண்டை நடந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு போடுங்கள். வம்சம் விழுந்த காரணத்தில் பாதி அந்தக் கோடுகளில் இருக்கிறது என்பேன்.

அடுத்து ஓவைனின் பேரன் லுவெலின் அப் யோர்வெர்த், இறப்பு 1240. மனைவி ஜோன், ஜான் மன்னரின் மகள். அவரை விட்டுவிடாதீர்கள்: அவர் வயிற்றில் பிறந்த தாவித்துக்கே முழு ஆட்சியும் என்று லுவெலின் முடிவு செய்தார். வேறு தாய்க்குப் பிறந்த மூத்தவர் க்ரிஃபித், 1244இல் லண்டன் கோபுரச் சிறையிலிருந்து துணிகளை முடிந்து இறங்கும்போது விழுந்து இறந்தார்.

அந்த க்ரிஃபித்தின் மகன் இன்னொரு லுவெலின். 1255இல் அண்ணன் ஓவைனையும் தம்பி தாவித்தையும் (ஜோனின் மகன் அல்ல, வேறு தாவித்) போரில் வென்றார். 1267இல் மூன்றாம் ஹென்றி அவரை வேல்ஸ் இளவரசராக ஏற்றார். அவர் பெயருக்கு இரட்டைக் கட்டம் போடுங்கள். 1277இல் ஆங்கிலேயர் பக்கம் நின்ற தாவித்தே 1282இல் ஹவார்டன் கோட்டையைத் தாக்கி அவர்களுக்கு எதிராகப் போரைத் தொடங்கினார். அந்த டிசம்பர் 11ஆம் தேதி லுவெலின் கில்மெரி அருகே கொல்லப்பட்டார். மறு ஆண்டு ஷ்ரூஸ்பரியில் தாவித்துக்கு மரண தண்டனை. அவர் மகன்கள் இருவரையும் பிரிஸ்டல் கோட்டையில் அடைத்தார்கள்.

கடைசியாக, லுவெலினின் ஒரே மகள் க்வென்லியன். 1282இல் அவளைப் பெற்றதும் தாய் இறந்தார். கைக்குழந்தையைச் செம்ப்ரிங்காம் கன்னிமாடத்துக்கு அனுப்பினார்கள். 1337இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தாள். அவளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள், கீழே கோடு வேண்டாம்.