ஆந்தையைப் பகலில் தேடுங்கள்

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஆந்தை இருப்பதை எனக்குக் காட்டித் தந்தவை காகங்கள். ஒருநாள் விடியற்காலை பக்கத்து வளவு மாமரத்தைச் சுற்றி ஏழெட்டுக் காகங்கள் விடாமல் கத்தின. அரை மணித்தியாலம் அண்ணாந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தண்டோடு ஒட்டியிருந்த ஒரு சாண் 'பட்டைத் துண்டு' கண்ணைக் கீறலாகத் திறந்து மூடியது.

காகம் கத்தாவிட்டால் மரத்தடியைப் பாருங்கள். சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளை எச்சம் ஒரே இடத்தில் விழுந்திருந்தால், நேர் மேலே இலை அடர்ந்த கொப்பில் தேடுங்கள். பெரும்பாலும் நாள்தோறும் அதே இடத்தில்தான் தூங்கும். பக்கத்தில் சாம்பல் நிற உருண்டை கிடந்தால் குச்சியால் பிரித்துப் பாருங்கள்: எலி மயிர், எலும்பு, வண்டுச் சிறகு. செரிக்காததை வாய்வழியே துப்பிவிடும்.

கொழும்பு வளவுகளில் நீங்கள் காணக்கூடியது சிங்கள அயலவர்கள் 'கன் பஸ்ஸா' என்று சொல்லும் சின்ன ஆந்தை. தலையில் காது மாதிரி நிற்பது காது அல்ல, வெறும் இறகு. விளக்கு வைக்கிற நேரம் தவளைபோல 'வட்... வட்' என்று கூப்பிடும். கூரைக்குள் சீறுவது கூகை. எங்கள் அப்பம்மா அதைச் சாக்குருவி என்று துரத்துவார். எலி பிடிப்பதை மட்டும் கணக்கில் எடுக்கமாட்டார். மீன்பிடி ஆந்தை வேண்டுமானால் கொழும்புக்கு வெளியே தலங்கமைக் குளக்கரைக்குப் போங்கள். அதற்குக் காலில் இறகில்லை.

இவை கூடு பின்னுவதில்லை. சின்ன ஆந்தைக்கு உளுத்த பொந்து போதும், வெள்ளையாய் உருண்டையாய் மூன்று நான்கு முட்டை இடும். அதனால் பொந்துள்ள கொப்பை வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று பின்னேரம் தூர நின்று கவனியுங்கள். டோர்ச்சை முகத்தில் அடிக்கவேண்டாம், ஃபோனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடவும் வேண்டாம். எலி மருந்தும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலி ஆந்தைக்கும் நஞ்சு.

குஞ்சு கீழே விழுந்தால் பால், சோறு, தண்ணீர் எதுவும் ஊட்டாதீர்கள். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். காயமில்லையென்றால் பூனைக்கு எட்டாத கொப்பில் வையுங்கள். ஒருமுறை அப்படி ஒரு குஞ்சு விழுந்தபோது பக்கத்து வீட்டு மாமி, "தம்பி, மனுஷர் தொட்டால் தாய் சேர்க்காதே" என்று பதறினார். துவாயால் பிடித்து ஏணி வைத்து ஏற்றிவிட்டேன். இரவு எட்டு மணிக்குத் தாய் வந்தது, வாயில் ஒரு கரப்பான்.