மின்தடையின்போது குளிர்சாதனப் பெட்டி உணவு: மூத்தோருக்கான செய்முறை விளக்கம்

சிங்கப்பூரில் மின்தடை அரிது. 2018 செப்டம்பர் 18ஆம் தேதி அதிகாலையில் ஏறத்தாழ 147,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் நின்றபோதுகூட 38 நிமிடங்களில் அது திரும்பிவிட்டது. அரிதாக நேர்வதாலேயே, அந்நேரத்தில் உணவை என்ன செய்வதென்று பலர் யோசித்து வைப்பதில்லை. வயது ஏற ஏற வயிற்று அமிலமும் நோய் எதிர்ப்பாற்றலும் குறைவதால், இளையவர்களுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கோடு போய்விடும் கெட்ட உணவு, மூத்தோரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடக்கூடும்.

முதற்படி, மின்சாரம் இருக்கும்போதே செய்ய வேண்டியது. பெட்டியின் கீழ்ப்பகுதி 4 பாகை செல்சியசுக்கு மிகாமலும் உறைபகுதி கழித்தல் 18 பாகையிலும் இருக்கின்றனவா என்று சிறு வெப்பமானி வைத்துப் பாருங்கள். பிறகு ஒரு குவளை நீரை உறைய வைத்து, பனிக்கட்டியின்மேல் 20 காசு நாணயம் ஒன்றை வைத்து உறைபகுதியிலேயே விட்டுவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோது மின்சாரம் நெடுநேரம் நின்றிருந்தால், பனி உருகி நாணயம் குவளையின் அடியில் கிடக்கும். அப்படிக் கிடந்தால் அங்கிருந்த மீனையும் இறைச்சியையும் எறிந்துவிட வேண்டியதுதான்.

இரண்டாவது படி, மின்சாரம் நின்றவுடன். வாசலுக்கு வெளியே நடைபாதை விளக்கு எரிந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டுக்குள்தான். எதுவாயினும், மணியைத் தாளில் எழுதிப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, கதவைத் திறக்காமல் இருங்கள். மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 4 மணி நேரமும், நிறைந்த உறைபகுதி 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிர்ச்சியைக் காக்கும். உள்ளே என்ன ஆயிற்றோ என்று அடிக்கடி திறந்து பார்ப்பதுதான் உணவை விரைவாகக் கெடுக்கிறது. அதுவரை பசிக்கு ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம், டின் சார்டின் போதும்.

மூன்றாவது படி, மின்சாரம் வந்தபின். தாளில் எழுதிய நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்கு மேலாகியிருந்தால், மீன்குழம்பு, கறி, சாம்பார், சோறு, தேங்காய்ச் சட்னி, பால், நறுக்கிய பழம் ஆகியவற்றைக் கொட்டிவிடுங்கள். தயிரைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் எழும். அதையும் கொட்டுவதே என் கட்சி. ஊறுகாய், வெண்ணெய், முழுக் காய்கறிகள் இருக்கட்டும். உறைபகுதி உணவில் பனித்துகள்கள் எஞ்சியிருந்தால் மீண்டும் உறைய வைக்கலாம்.

முகர்ந்தோ நாவில் வைத்தோ சோதிக்காதீர்கள். நோய்க்கிருமிகள் பலவற்றுக்கு வாடையே கிடையாது. வயதோடு மோப்பமும் மங்குகிறது. "நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்பதும் நம்பத்தக்கதன்று. சோற்றில் பெருகும் சில கிருமிகள் விட்டுச்செல்லும் நச்சு, கொதிநிலையிலும் அழிவதில்லை.

பெட்டியில் இன்சுலின் வைத்திருப்பவர்கள், பதற்றத்தில் அதை உறைபகுதிக்கு மாற்றிவிடக் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. நெடுநேரம் குளிர்ச்சியின்றி இருந்த மருந்தை அடுத்த ஊசிக்கு முன்பு மருந்தாளரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.